வியாழன் மாலைக் கூட்டமும் செவ்வாய்க் கோளின் கதையும்

நூலை அரங்கேற்றுதல் தமிழில் பழைய வழக்கம். எழுதியவர் அவையின்முன் படிப்பார். அவையிலிருப்போர் தடை எழுப்புவர். நூலாசிரியர் விடை கூறுவார். அச்சு வந்த பிறகு அந்த அவையின் இடத்தைப் பதிப்பாளர்களும் மதிப்புரையாளர்களும் எடுத்துக்கொண்டனர். ஆயினும் 1930களின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட் நகரில், ஓர் அறிபுனை நாவல் ஏறத்தாழ இதே முறையில் ஒரு நண்பர் அவையின்முன் படிக்கப்பட்டு, அதன் பிறகே அச்சேறியது. சி.எஸ். லூயிஸ் எழுதி 1938இல் வெளிவந்த ‘அவுட் ஆஃப் தி சைலன்ட் பிளானட்’ என்பதே அந்நாவல். ‘மௌனக் கோளிலிருந்து வெளியே’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

படிப்பதும் பாராட்டுவதும் சிறு திருத்தங்கள் சொல்வதும் அந்த அவைக்குள்ளேயே நிகழ்ந்தன. ஆனால் நாவலின் அடிப்படையையே அசைத்துப் பார்க்கும் தடைகள் வெளியிலிருந்து, சில ஆண்டுகள் கழித்து வந்தன. அவற்றை எழுப்பிய இருவருமே பிற்காலத்தில் நம் பக்கத்து மண்ணில் வந்து வாழ்ந்து மறைந்தவர்கள். இந்த வரலாற்றை இங்கே சற்று விரிவாகப் பார்க்க விரும்புகிறோம். நூல்களைக் கூடிப் படிக்கும் பழக்கமுள்ள நம்மைப் போன்றோருக்கு அதில் பெற்றுக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று இருப்பதாகக் கருதுகிறோம்.

விதிகள் இல்லாத சங்கம்

அந்த நண்பர் அவையின் பெயர் இங்க்ளிங்ஸ். முதலில் இப்பெயரைத் தாங்கியது, ஆக்ஸ்ஃபோர்டில் எட்வர்ட் டேஞ்சி லீன் என்ற மாணவர் தொடங்கிய வேறொரு சங்கம். அவர் (பிற்காலத்தில் புகழ்பெற்ற திரைப்பட இயக்குநர் டேவிட் லீனின் சகோதரர்) 1933இல் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கியதும் சங்கம் கலைந்தது. பெயர் மட்டும் லூயிஸின் நண்பர் வட்டத்துக்கு வந்து சேர்ந்தது. மங்கலான ஊகம் என்ற பொருளும், மையில் துழாவுவோர் என்ற குறிப்பும் ஒருங்கே அமைந்த சிலேடைப் பெயர் அது.

இங்க்ளிங்ஸுக்குத் தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, சந்தா இல்லை, நிகழ்ச்சி நிரலும் இல்லை. மாட்லின் கல்லூரியில் லூயிஸின் அறைகளில் வியாழக்கிழமை மாலைகளில் கூடுவார்கள். தேநீர் வரும், புகைக்குழாய்கள் பற்றவைக்கப்படும், படிப்பதற்கு யாரிடமும் எதுவும் இல்லையா என்று லூயிஸ் கேட்பார். யாரேனும் ஒருவர் கையெழுத்துப் பிரதியை எடுத்து உரக்கப் படிப்பார். படித்து முடித்ததும் மற்றவர்கள் தத்தம் தீர்ப்பைச் சொல்வார்கள். நன்றாக இருந்தால் பாராட்டுக்குக் குறைவிராது. நன்றாக இல்லையெனில் கண்டனத்துக்கும் குறைவிராது என்று லூயிஸின் அண்ணன் வாரன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஆங்கிலோ சாக்சன் மொழிப் பேராசிரியர் டோல்கீன், மருத்துவர் ஹாவர்ட், வழக்குரைஞராகத் தொழில்புரிந்த ஓவன் பார்ஃபீல்ட், ஹ்யூகோ டைசன் ஆகியோர் இவ்வட்டத்தைச் சேர்ந்தவர்கள். 1939இல் போர் தொடங்கியபின் லண்டனிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு இடம்பெயர்ந்த சார்ல்ஸ் வில்லியம்ஸும் இவர்களோடு சேர்ந்துகொண்டார்.

ஒரு குறையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த அறைக்குள் பெண்கள் வந்ததில்லை. லூயிஸுடன் நெடுங்காலம் கடிதத் தொடர்பு கொண்டிருந்த எழுத்தாளர் டாரத்தி சேயர்ஸ்கூட ஒருநாளும் அக்கூட்டத்தில் அமர்ந்ததில்லை. யார் உள்ளே இருந்தார்கள் என்பதைப் போலவே யார் உள்ளே இல்லை என்பதும் ஒரு சங்கத்தின் வரலாற்றில் முக்கியமானதே.

ஒப்பந்தமும் நாவலும்

தாங்கள் விரும்பும் வகைக் கதைகள் போதுமான அளவில் கிடைப்பதில்லை, ஆகவே தாங்களே எழுதியாக வேண்டும் என்று லூயிஸும் டோல்கீனும் ஒருநாள் பேசிக்கொண்டனர். லூயிஸ் விண்வெளிப் பயணக் கதை எழுதுவது, டோல்கீன் காலப் பயணக் கதை எழுதுவது என்று முடிவாயிற்று. டோல்கீன் ‘தி லாஸ்ட் ரோடு’ என்ற கதையைத் தொடங்கினார். கடலில் மூழ்கிய தீவு ஒன்றை நோக்கி, தந்தை மகன் இணைகளின் வழியே காலத்தில் பின்னோக்கிச் செல்லும் கதை அது. சில அத்தியாயங்களோடு நின்றுபோன அது, அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1987இல்தான் அச்சில் வந்தது. லூயிஸோ எழுதி முடித்தார்.

லூயிஸை எழுதத் தூண்டியது சாகச ஆர்வம் மட்டுமன்று. உயிரியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1927இல் வெளியிட்ட ‘பாஸிபிள் வேர்ல்ட்ஸ்’ தொகுப்பில் உலகின் முடிவைக் கற்பனை செய்யும் கட்டுரை ஒன்று உண்டு. பூமி அழியவிருக்கும் நிலையில் மனிதர்கள் வெள்ளிக் கோளில் குடியேறுகிறார்கள்; அங்கே ஏற்கெனவே இருந்த உயிர்கள் அழிக்கப்படுகின்றன. ஓலஃப் ஸ்டேபிள்டனின் ‘லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் மென்’ (1930) நாவலிலும் வெள்ளியின் கடல்வாழ் உயிரினம் மனிதக் குடியேற்றத்துக்காக அழித்தொழிக்கப்படுகிறது. மனித இனம் நிலைக்க வேண்டும் என்பதற்காக வேறோர் உலகைத் துடைத்தெடுக்கலாமா என்ற கேள்வி லூயிஸை உறுத்தியது. இவ்விரு நூல்களே தம்மை எழுத வைத்தன என்று நாவல் வெளிவந்த ஆண்டிலேயே அவர் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார். கிறித்தவ நம்பிக்கையாளரான அவருக்கு, எதிர்த்தரப்பினர் கையில் இருந்த விண்வெளிக் கதையைத் தம் தரப்புக்குக் கொண்டுவரும் நோக்கமும் இருந்தது.

கதை எளிமையானது. ரான்சம் என்ற மொழியியல் அறிஞரை வெஸ்டன் என்ற இயற்பியலாளரும் டிவைன் என்ற பேராசைக்காரரும் கடத்திச் செவ்வாய்க்குக் கொண்டு செல்கிறார்கள். அங்குள்ளோர் தம் உலகை மலகாண்ட்ரா என்கிறார்கள். ரான்சம் தப்பியோடி, அங்குள்ள ஹ்ரோஸா என்னும் உயிர்களிடம் அடைக்கலம் பெற்று அவர்களின் மொழியைக் கற்கிறார். உருவத்தில் முற்றிலும் வேறுபட்ட மூன்று இனங்கள் அக்கோளில் ஒன்றையொன்று ஆளாமல் வாழ்கின்றன. மூன்றையும் குறிக்க அவர்களிடம் ஒரே பொதுச்சொல் உண்டு: ஹ்னௌ. பகுத்தறியும் உயிர் என்பது அதன் பொருள்.

தமிழ் வாசகருக்கு இச்சொல்லை விளக்க நெடிய உரை தேவையில்லை. நம் இலக்கணம் உயிர்களையும் பொருள்களையும் உயர்திணை, அஃறிணை என்று பிரிக்கிறது. தொல்காப்பியம் மக்களை உயர்திணை என்கிறது. நன்னூல் தேவரையும் நரகரையும் அதில் சேர்க்கிறது. மனிதர் அல்லாத ஒன்று உயர்திணையில் நுழைய முடியுமா, அந்த எல்லையை வகுப்பவர் யார் என்ற வினாவை ஒரு கோளின்மேல் வைத்துப் பார்ப்பதே லூயிஸின் நாவல் என்று சொல்லலாம்.

நாவலின் உச்சம் ஒரு மொழிபெயர்ப்புக் காட்சி. மலகாண்ட்ராவின் காவல் தெய்வம் போன்ற ஓயார்சாவின்முன் வெஸ்டன் நிறுத்தப்படுகிறார். மனித நாகரிகத்தின் உயர்வையும், தாழ்ந்த இனத்தின் இடத்தில் உயர்ந்த இனம் அமர்வதற்குள்ள உரிமையையும் பற்றி ஆங்கிலத்தில் முழங்குகிறார். ரான்சம் அதை அவர்களுடைய மொழியில் சொல்ல வேண்டும். அம்மொழியில் அத்தகைய அடுக்குச் சொற்கள் இல்லை. ஆகவே ஒவ்வொரு பெரிய சொல்லையும் சிறிய சொற்களாக உடைத்துச் சொல்கிறார். உடைக்க உடைக்க, எஞ்சுவது பிறர் பொருளை எடுத்துக்கொள்வதும் பிறரைக் கொல்வதும் மட்டுமே. பேரரசுகளின் மொழியை அறிந்த எந்த நாட்டு வாசகரும் இந்த இடத்தில் சற்று நின்றே கடப்பார்.

காதால் கேட்டவர்களின் தீர்ப்பு

லூயிஸ் இந்நாவலை இங்க்ளிங்ஸ் கூட்டங்களில் தொடராகப் படித்தார். ஆனால் பதிப்பாளர்கள் அதை வரவேற்கவில்லை. டென்ட் நிறுவனம் மறுத்தது. 1937இல் டோல்கீனின் ‘தி ஹாபிட்’ நூலை வெளியிட்டிருந்த ஆலன் அண்ட் அன்வின் நிறுவனத்தின் மதிப்பீட்டாளரும் சாதகமாக எழுதவில்லை. அப்போது டோல்கீன் 1938 மார்ச்சில் ஸ்டான்லி அன்வினுக்கு ஒரு கடிதம் எழுதினார். வாசிப்புக் கூட்டங்களின் வரலாற்றில் இக்கடிதத்துக்குத் தனி இடம் தரலாம். முதலில் படித்தபோது கதை அளவில் சிறியதாகவும் சில முரண்களோடும் இருந்ததையும், அவை பின்னர் சீர்செய்யப்பட்டதையும் அவர் ஒளிக்காமல் சொல்கிறார். புதிய மொழியின் ஆக்கத்தைப் பாராட்டுகிறார். உள்ளூர்ச் சங்கத்தில் உரக்கப் படிக்கப்பட்டபோது கதை ஆர்வத்தோடு கேட்கப்பட்டது, பெரிதும் ஏற்கப்பட்டது என்று சான்று தருகிறார். அதோடு நில்லாமல், தாங்கள் அனைவரும் ஏறத்தாழ ஒத்த மனத்தினர் என்பதையும் சேர்த்துக்கொள்கிறார்.

இந்தக் கடைசிச் சொல் நேர்மையானது. நண்பனின் நூலுக்குப் பரிந்துரை எழுதுகையில், தம் சாட்சியத்தின் எடையைத் தாமே குறைத்துச் சொல்ல எத்தனை பேர் முன்வருவார்கள்? அன்வின் அப்போது போட்லி ஹெட் நிறுவனத்தின் தலைமையிலும் இருந்தார். நாவல் அங்கே சென்றது, அவ்வாண்டே வெளிவந்தது. ஒத்த மனத்தார் கூடியிருந்த ஓர் அறை இல்லையென்றால் இந்நாவல் இருந்திருக்காது, அல்லது இழுப்பறையில் தங்கியிருக்கும். சிறு வாசகர் வட்டங்களைக் குறைத்து மதிப்பிடுவோருக்கு இதைச் சொல்லலாம்.

ஆனால் அதே அறைக்குள் இழப்புகளும் நேர்ந்தன. பின்னாளில் டோல்கீன் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ பகுதிகளைப் படித்து வந்தபோது, டைசனுக்கு அது பிடிக்கவில்லை. 1947இல் அவரது மறுப்பின் காரணமாக, அவர் வந்திருக்கும் நாள்களில் அவ்வாசிப்பு நிறுத்தப்பட்டதை வாரனின் நாட்குறிப்பு சொல்கிறது. விதிகள் இல்லாத சங்கத்தில் உரத்த குரலே விதியாகிவிடும் ஆபத்தும் உண்டு.

கற்பனைச் சங்கத்தின் குறிப்பேடு

இங்க்ளிங்ஸ் தம் கூட்டங்களுக்குக் குறிப்பேடு எழுதி வைக்கவில்லை. வாரனின் நாட்குறிப்பும் கடிதங்களுமே பெரும்பாலும் சான்று. ஆயினும் அவர்களின் விவாதம் எப்படி ஒலித்திருக்கும் என்பதை அறிய வேறொரு வழி உண்டு. 1945, 1946 ஆண்டுகளில் டோல்கீன் மீண்டும் ஒரு காலப் பயணக் கதையைத் தொடங்கினார். ‘தி நோஷன் கிளப் பேப்பர்ஸ்’ என்று பெயர். 1980களில் ஆக்ஸ்ஃபோர்டில் கூடும் ஒரு கற்பனைச் சங்கத்தின் குறிப்பேடுகள், 2012இல் தேர்வுக் கூடத்தின் அடித்தளத்தில் கழிவுக் காகிதங்களிடையே கண்டெடுக்கப்படுவதாக அது அமைந்துள்ளது.

அக்குறிப்பேட்டின் தொடக்கப் பகுதியில் நடப்பது முழுக்க அறிபுனை பற்றிய வாசகர் விவாதம். ராமர் என்ற உறுப்பினர் (நம் இதிகாச நாயகரோடு தொடர்பற்ற ஆங்கிலக் குடும்பப்பெயர்) தம் விண்வெளிக் கதையைப் படித்து முடிக்கிறார். கில்ட்ஃபோர்ட் என்ற உறுப்பினர் உடனே குறை சொல்லத் தொடங்குகிறார்: கதை சரி, ஆனால் அந்தக் கோளுக்குப் போய்ச் சேர்ந்த வழி நம்பும்படி இல்லை, உள்ளிருக்கும் ஓவியத்துக்கு ஏற்ற சட்டமாகப் பயண முறை அமைய வேண்டாமா? விண்கலம் என்னும் உத்தியே செயற்கையானது என்று அவர் வாதிட, மற்றவர்கள் மறுக்க, லூயிஸின் நாவல்களே பெயர் சொல்லி விவாதிக்கப்படுகின்றன.

முதல் நாவலில் ரான்சமை விண்கலத்தில் அனுப்பிய லூயிஸ், ‘பெரலாண்ட்ரா’ (1943) என்னும் அடுத்த நாவலில் அவரை வெள்ளிக்குத் தேவதூதரின் துணையோடு ஒரு பெட்டிக்குள் வைத்து அனுப்பினார். விவரம் தெரிந்தபின் இயந்திரத்தைக் கைவிட்டதாகப் பின்னர் ஓர் உரையில் அவரே சொன்னார். இந்த மாற்றத்துக்கு நண்பர்களின் பேச்சும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது எங்கள் ஊகம். டோல்கீன் இந்தக் கற்பனைச் சங்கத்தின் கதையை 1946இல் உண்மைச் சங்கத்திலும் படித்தார். அதுவும் முடிக்கப்படாமலே நின்று, 1992இல் அச்சானது.

இக்குறிப்பேட்டைப் படிக்கையில் ஒன்று தெளிவாகிறது. ஒத்த மனத்தார் என்றால் எப்போதும் தலையாட்டுவோர் அல்லர். உத்தி, நம்பகத்தன்மை, மொழி ஆகியவற்றில் அவர்கள் விட்டுக்கொடுக்காமல் வாதிட்டனர். ஆனால் கதையின் அடியில் இருக்கும் கோட்பாட்டை அவர்களில் எவரும் மறுக்கவில்லை. வெஸ்டன் போன்ற ஒருவரின் தரப்பை எடுத்துப் பேச அந்த அறையில் ஆள் இல்லை.

வெளியிலிருந்து வந்த தடைகள்

முதல் தடை ஓர் இளைஞரிடமிருந்து வந்தது. ‘பெரலாண்ட்ரா’ நாவலில், கோளிடைப் பயணக் கனவை வளர்க்கும் சிறு சங்கங்களையும் ஏவூர்திக் கழகங்களையும் லூயிஸ் சாடியிருந்தார். அத்தகைய சங்கம் உண்மையிலேயே இருந்தது. 1933இல் லிவர்பூலில் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் கோளிடைச் சங்கம் அது. அதன் தீவிர உறுப்பினரான ஆர்தர் சி. கிளார்க் 1943இல் லூயிஸுக்கு மறுப்புக் கடிதம் எழுதினார். விண்வெளிப் பயணத்தை விரும்புவோர் எல்லாரும் வெஸ்டன்கள் அல்லர் என்பதே அவர் வாதத்தின் சாரம். லூயிஸ் பணிவாகவும் உறுதியாகவும் பதிலளித்தார். இப்போதுள்ள அறிவியலாளரில் வெஸ்டன்கள் பலர் இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அத்தகைய பார்வை வந்துகொண்டிருக்கிறது என்றும், தாம் அறிவியலாளரிடையே வாழ்வதால் அறிவதாகவும் சொன்னார்.

பிற்பாடு இருதரப்பாரும் ஆக்ஸ்ஃபோர்டின் ஈஸ்ட்கேட் விடுதியில் நேரில் சந்தித்தனர். கிளார்க்குடன் ஏவூர்திப் பொறியாளர் வால் கிளீவரும், லூயிஸுடன் டோல்கீனும் வந்திருந்தனர். எவரும் எவரையும் மாற்றவில்லை. நீங்கள் பொல்லாதவர்கள் என்பதில் ஐயமில்லை, எல்லாரும் நல்லவர்களாக இருந்துவிட்டால் உலகம் சலித்துப்போகும் என்னும் பொருள்பட லூயிஸ் விடைபெற்றதாகக் கிளார்க் பிற்காலத்தில் மகிழ்ச்சியோடு எழுதினார். அதே லூயிஸ், கிளார்க்கின் ‘சைல்ட்ஹுட்ஸ் எண்ட்’ நாவலை 1953இல் படித்துவிட்டு, சாதாரண விண்வெளிக் கதைகள் எட்ட முடியாத உயரத்தில் அதை வைத்துப் பாராட்டினார். கிளார்க் 1956இல் இலங்கையில் குடியேறி, 2008இல் கொழும்பில் காலமானார்.

இரண்டாவது தடை கடுமையானது. எழுப்பியவர் ஹால்டேன்; லூயிஸை எழுதத் தூண்டிய கட்டுரையின் ஆசிரியர். மூன்றாம் நாவலும் (‘தட் ஹிடியஸ் ஸ்ட்ரெங்த்’, 1945) வந்து முடிந்தபின், 1946இல் ‘மாடர்ன் குவார்ட்டர்லி’ என்ற மார்க்ஸிய இதழில் மூன்று நாவல்களையும் சேர்த்து விமர்சித்தார். அறிவியல் செய்திகளில் பிழைகள் மலிந்துள்ளன. அறிவியலாளர்கள் தீயோராகவே சித்திரிக்கப்படுகிறார்கள். மனித வாழ்வைத் திட்டமிட்டு மேம்படுத்தலாம் என்ற எண்ணமே நரகத்தின் வேலையாகக் காட்டப்படுகிறது. அவரது குற்றச்சாட்டுகளின் சுருக்கம் இது.

லூயிஸ் விடை எழுதத் தொடங்கினார். தம் இலக்கு அறிவியலாளர் அல்லர், ஒருவகைப் பார்வையே என்றார்: தன் இனத்தின் நீடிப்பையே உச்ச அறமாகக் கொண்டு, அதற்காக இரக்கத்தையும் மகிழ்ச்சியையும் சுதந்திரத்தையும்கூட உதறத் துணியும் பார்வை. நாவலில் புராண உருவில் சொன்னதை இங்கே சில வரிகளில் தெளிவாக வரையறுத்தார். ஹால்டேன் தடை எழுப்பாதிருந்தால் இவ்வளவு துல்லியமான விளக்கம் லூயிஸிடமிருந்து வந்திருக்குமா என்பது ஐயமே. ஆனால் அந்த விடை முடிக்கப்படவில்லை. 1963இல் லூயிஸ் மறைந்து, மூன்று ஆண்டுகள் சென்றபின் 1966இல்தான் அச்சில் வந்தது. ஹால்டேன் அதைப் பார்க்கவில்லை. 1957இல் இந்தியாவுக்கு வந்து கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றி, பின்னர் இந்தியக் குடியுரிமையும் பெற்ற அவர், 1964 டிசம்பர் 1 அன்று புவனேஸ்வரில் காலமாகிவிட்டார்.

முடியாத விவாதம்

1965 ஜூலையில் மாரினர் 4 விண்கலம் செவ்வாயைக் கடந்து சென்று படங்கள் அனுப்பியது. அவற்றில் கால்வாய்கள் இல்லை, ஹ்ரோஸாக்கள் இல்லை, கிண்ணக் குழிகள் இருந்தன. நாவலின் புவியியல் அன்றோடு முடிந்தது. அதன் வினா முடியவில்லை. 1967இல் கையெழுத்தான விண்வெளி ஒப்பந்தம், பிற கோள்களுக்குத் தீங்கு தரும் மாசினைத் தவிர்க்க வேண்டும் என்று நாடுகளுக்கு விதித்தது. 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள், பூமியின் நுண்ணுயிர்கள் அங்கே சென்றுவிடாதபடி ஏவப்படுவதற்கு முன் சூடேற்றித் தூய்மை செய்யப்பட்டன. இவை ஒரு நாவலால் விளைந்தவை என்று நாம் கூற மாட்டோம். அறிவியல் சார்ந்த காரணங்கள் அவற்றுக்கு உண்டு. இருப்பினும், வெஸ்டன்கள் மட்டுமே விண்வெளிக்குப் போவதில்லை என்ற கிளார்க்கின் வாதத்துக்கு அவற்றைச் சான்றாகக் கொள்ளலாம். மனிதரைச் செவ்வாயில் குடியேற்றும் திட்டங்கள் வெளிப்படையாகப் பேசப்படும் இன்றைய காலத்தில், லூயிஸின் அச்சத்தையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இருவரும் ஓரளவு சரியாகவே சொன்னார்கள் என்று நினைக்கிறோம்.

அரங்கேற்றத்துக்குத் திரும்புவோம். நண்பர்களின் அவை ஒரு நூலைப் பிறக்கச் செய்கிறது. அதற்குத் தேவையானது ஒத்த மனம். பொறுமையாகக் கேட்கும் காது. அடுத்த வாரம் என்ன ஆகிறது என்று கேட்கும் ஆவல். மாட்லின் கல்லூரி அறை இவற்றைக் குறைவின்றித் தந்தது. ஆனால் பிறந்த நூல் தன் முழுப் பொருளை வெளிப்படுத்தத் தடை எழுப்புவோர் தேவை. அவர்கள் அந்த அறையில் இல்லை. கடிதம் வழியாகவும் இதழ் வழியாகவும் வர நேர்ந்தது. அதனாலேயே ஒரு விடை உரியவரைச் சென்றடையாமல் போயிற்று.

நம் வாசிப்புக் கூட்டங்களிலும் பெரும்பாலும் ஒரே ரசனை உடையோரே கூடுகிறோம். அது தவறன்று, அந்த இணக்கம் இல்லாமல் கூட்டம் ஓராண்டுகூட நிலைக்காது. எனினும் அடுத்த முறை நமக்கெல்லாம் பிடித்த ஒரு நாவலை எடுத்துக்கொள்ளும்போது, அதைப் பிடிக்காத ஒருவரையும் அழைத்து, அவரை முதலில் பேசச் சொல்லலாம். அவருக்கு நாம் சொல்லும் விடையை அவர் இருக்கும்போதே சொல்லி முடிக்கலாம்.